இரண்டிலும் அரக்குதான்

காபியில் சர்க்கரை கொஞ்சம் ஜாஸ்தி, டாக்டரம்மா. பரவாயில்லை, குடித்துவிட்டேன். அடுத்தவர் செய்யும் தப்பைப் பெரிதாக்குவது என் வழக்கமில்லை.

என் மனைவி கமலவேணியை உங்களிடம் கொண்டுவந்து சேர்த்ததே நான்தான். சேர்த்த நாளிலிருந்து அவளைப் பார்க்க என்னை விடவில்லை. இன்றைக்குக் கூப்பிட்டு உட்காரவைத்து, வீட்டில் உண்மையாக என்ன நடந்தது என்று கேட்கிறீர்கள். ஒரு பெண்ணுக்கு இவ்வளவு பொறுமை இருப்பது ஆச்சரியம்தான். நானும் பொறுமையாகவே சொல்கிறேன்.

நான் ஆதிகேசவன், பி.காம். ஆம்பூரில் நயீம் அகமது என்பவரின் தோல் கம்பெனியில் ஆபீஸ் மானேஜர். தோலோடு குடியாத்தம் லுங்கிகளையும் வெளிநாட்டுக்கு அனுப்புகிறவர் அவர். எண்பத்தாறில் சிங்கப்பூரிலிருந்து ஒரு வீட்டுக் கம்ப்யூட்டர் வாங்கிவந்தார். டைப்ரைட்டர் மாதிரி ஒரு பலகை. டிவியில் மாட்டினால் எழுத்து வரும். போட்டதையெல்லாம் கேசட்டில் பதிந்து வைக்கலாம். அவர் வீட்டில் யாருக்கும் அது பிடிபடவில்லை. படித்தவன் என்று என்னிடம் கொடுத்தார். ஆம்பூரில் அப்போது கம்ப்யூட்டர் இருந்த வீடு எங்களுடையது ஒன்றாகத்தான் இருக்கும். தெருவில் என்னைக் 'கம்ப்யூட்டர் சார்' என்றார்கள். நான் மறுக்கவில்லை.

ஒரு சின்ன விஷயம். அந்தக் கம்ப்யூட்டரை ஓட்டக் கற்றுக்கொண்டது நான் இல்லை, கமலவேணி. குடியாத்தத்தில் விசைத்தறிக் குடும்பத்துப் பெண், கணக்கில் பட்டம் வாங்கியவள். நான் முதல் பாடத்தில் இருந்தபோது அவள் கடைசிப் பாடத்தில் இருந்தாள். அது அவள் குற்றமில்லை என்று அப்போதே அவளிடம் பெருந்தன்மையாகச் சொல்லியிருக்கிறேன்.

மத்தியான வேலை முடிந்ததும் உட்கார்ந்து லுங்கிக் கட்டம் போடுவாள். நிறத்துக்கு ஓர் எழுத்து, இழைக்கு ஓர் எண். அதைத் தட்டினால் கட்டம் அப்படியே டிவியில் கலராக வரும். நெய்து பார்க்காமலேயே லுங்கியைப் பார்க்கலாம். ஒருநாள் எங்கள் வீட்டுக்கு வந்த முதலாளி அதைப் பார்த்துவிட்டு நாற்காலியை அவளுக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டார். நான் விளக்க ஆரம்பித்தேன். அவர் திரும்பாமலேயே, "ஆதி, இது உன் ஊட்டுக்காரம்மா டிபார்ட்மெண்ட். நீ போய் டீ போட்டு எடுத்துகினு வா" என்றார்.

போட்டுக் கொடுத்தேன். நல்ல டீ. இரண்டு பேரும் நன்றாயிருக்கிறது என்றார்கள்.

அடுத்த மாதம் புதுக் கம்ப்யூட்டர் ஒன்று வீட்டுக்கு வந்தது. அதில் கேசட் இல்லை, பதிந்து வைக்க ஃபிளாப்பித் தட்டு. கமலவேணி போட்ட டிசைன்களையெல்லாம் புதியதற்கு மாற்றித் தரவேண்டும், அதைப் பார்த்துத்தான் தறியில் நெய்வார்கள் என்று முதலாளி சொல்லியனுப்பியிருந்தார். டிசைனுக்கு அவளுக்குச் சம்பளமும் உண்டாம். அந்த மாற்றும் வேலையை நான் செய்கிறேன் என்றேன். அவள் முகத்தில் அப்படியொரு சந்தோஷம். எனக்கும் இதில் ஒரு பங்கு கிடைக்க வேண்டுமென்று அவள் ஆசைப்பட்டிருக்கிறாள். நல்லவள், டாக்டரம்மா. அதை நான் எப்போதும் சொல்வேன்.

சாப்பாட்டு மேஜையில் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைப்பேன். பழையதிலிருந்து ஒரு ஒயர் புதியதற்குப் போகும். மிளகாய் மெஷின் மாதிரி கீச்சென்று ஒரு சத்தம், அவ்வளவுதான், டிசைன் இந்தப் பக்கம் வந்துவிடும். வழியில் ஏதாவது கெட்டுப்போனால் மெஷினே நின்றுவிடும். அதனால் வந்து சேர்ந்தது எதுவானாலும் போட்டவர் போட்டதுதான். இதை எனக்குச் சொல்லிக்கொடுத்ததே கமலவேணிதான்.

முதல் தடவை நான் செய்தது ரொம்பச் சின்னது. பச்சைக்கான எழுத்தை எடுத்துவிட்டு அரக்குக்கான எழுத்தை வைத்தேன். புதியதில் மட்டும் வைத்தால் அது ஏமாற்று வேலை. ஆகவே அதையே திருப்பி அனுப்பிப் பழைய கேசட்டிலும் பதிந்தேன். சரியானதை அதற்கு முன்பே வேறொரு கேசட்டில் எடுத்து ஆபீஸில் பத்திரமாக வைத்தேன். எந்தப் பொருளையும் வீணாக்குகிறவன் இல்லை நான்.

அவளுடைய அண்ணன் தணிகைவேலின் தறியில்தான் அந்த லுங்கி ஓடியது. பச்சைக் கோடு கேட்ட சிங்கப்பூர்க்காரனுக்கு அரக்குக் கோடு போனது. சரக்கு முழுக்கத் திரும்பியது. தணிகைவேல் வீட்டுக்கு வந்து, "இன்னா கமலா, தூக்கத்துல போட்டியா?" என்று கேட்டான்.

"நான் பச்சைதாங்க போட்டேன்" என்றாள் அவள், என்னைப் பார்த்து.

இரண்டு கம்ப்யூட்டரையும் போட்டுக் காட்டினேன். "ரெண்டுலயும் அரக்குதாம்மா இருக்குது" என்றேன். மெதுவாகத்தான் சொன்னேன். அதட்டிப் பேசுகிற புருஷன்களை எனக்குப் பிடிக்காது.

அவள் மெஷினைச் சந்தேகப்பட்டாள். மெஷின் தானாக நிறம் மாற்றாது என்று அவளுக்கே தெரியும். என்னைச் சந்தேகப்படவே இல்லை. அது அவள் வளர்ப்பு. மிச்சம் இருந்தது யார்? தன்னைத்தான் சந்தேகப்பட ஆரம்பித்தாள். பிறகு வந்த டிசைன்களிலும் அங்கொன்று இங்கொன்று மாற்றிக்கொண்டே இருந்தேன், சரியானதை ஆபீஸ் கேசட்டில் சேர்த்துக்கொண்டே வந்தேன். எல்லாவற்றிலும் இல்லை, எல்லாவற்றிலும் மாற்றினால் அது நியாயமில்லை. கேஸை மூடினோமா என்று எழுந்து எழுந்து போய்ப் பார்க்க ஆரம்பித்தாள். ஆணியில் மாட்டிய சாவி அலமாரியில் இருக்கும். உப்பு டப்பாவில் சர்க்கரை இருக்கும். அதெல்லாம் எப்படி என்று நீங்கள் கேட்பது புரிகிறது. ஆமாம், நான்தான். ஒரு வேலையை எடுத்தால் அரைகுறையாக விடுவது எனக்குப் பிடிக்காது.

கெட்டிக்காரி, சும்மா விட்டுவிடவில்லை. ஒருநாள் ஒரு டிசைனைப் போட்டு முடித்ததும், அதில் வைத்த நிறத்திலேயே ஒரு நூலைப் புடவை முந்தானையின் ஓரத்தில் முடிச்சுப் போட்டு வைத்துக்கொண்டாள். பச்சை நூல். தறிக்காரப் பெண்ணின் யோசனை. என்னிடமும் சொல்லவில்லை. புடவை கொடியில் காயும்போதுதான் பார்த்தேன். அவள் மார்க்கெட்டுக்குப் போயிருந்தாள். கல்யாணமாகி ஆறு வருஷத்தில் அவள் என்னிடம் மறைத்த முதல் விஷயம் அது. எனக்கு எவ்வளவு வலித்திருக்கும் என்று நீங்களே யோசித்துப் பாருங்கள். நகத்தால் மெதுவாக அவிழ்த்து, அதே இடத்தில் அதே மாதிரி அரக்கு நூலில் முடிச்சுப் போட்டேன். என் முடிச்சு அவளுடையதைவிட அழகாகவே வந்தது.

அன்று சாயங்காலம், அவள் அதே புடவையைக் கட்டிக்கொண்டு வந்த பிறகு, டிசைனை மாற்றிக் கொடுத்தேன். திரையில் அரக்கு. அவள் திரையைப் பார்த்தாள். முந்தானையை இழுத்து முடிச்சைப் பார்த்தாள். ரொம்ப நேரம் அதை விரலால் தடவிக்கொண்டே இருந்தாள். அழவில்லை. பிறகு என் பக்கத்தில் வந்து தரையில் உட்கார்ந்து, "எனக்கு இன்னாவோ ஆயிடுச்சுங்க. இனிமே நீங்களே பாத்து சொல்லுங்க. நீங்க சொல்றதுதான் சரி" என்றாள்.

எங்கள் கல்யாண வாழ்க்கையில் நான் மிகவும் நிம்மதியாகத் தூங்கிய ராத்திரி அது. மறுநாள் காலையிலேயே பஸ் பிடித்து வேலூருக்கு, உங்களிடம் அழைத்து வந்தேன். தாமதிக்கவில்லை.

முதலாளி ரொம்ப வருத்தப்பட்டார். நல்ல மூளை இப்படி ஆகிவிட்டதே என்றார். டிசைன் வேலையை என்னிடம் கொடுத்துவிட்டார். ஆபீஸில் இருந்த கேசட்டிலிருந்து ஒவ்வொன்றாகப் புதுக் கம்ப்யூட்டருக்கு மாற்றிக் கொடுக்கிறேன். ஒன்றில்கூடத் தப்பு இல்லை என்று போன வாரம் எல்லோர் முன்னாலும் என் முதுகில் தட்டினார். அவற்றைப் போட்டது கமலவேணி என்று சொல்ல வாய் வரைக்கும் வந்தது. நோயாளியின் பெயரை நாலு பேர் நடுவில் இழுப்பானேன் என்று விட்டுவிட்டேன். டீயைப் புதிதாக வந்த குமாஸ்தா போடுகிறான்.

நீங்கள் கேட்டீர்கள், ஏன் என்று. அவளைத் துன்பப்படுத்தவேண்டும் என்று நான் ஒருநாளும் நினைத்ததில்லை. கை நீட்டியதில்லை. ஒரு கெட்ட வார்த்தை சொன்னதில்லை. தெருவில் விசாரித்துப் பாருங்கள். ஒரு வீட்டில் யார் சொல்வது சரி என்பது தெளிவாக இருக்கவேண்டும், அவ்வளவுதான். அது தெளிவானதும் எங்களுக்குள் ஒரு சண்டைகூட இல்லை.

வார்டில் அவள் ஒயர் கூடை பின்னுகிறாளாம், நர்ஸம்மா சொன்னார்கள். மூன்று நிறத்தில் கட்டம் போட்டுப் பின்னுகிறாளாம், ஓரிடத்திலும் நிறம் பிசகவில்லையாம். மாத்திரையைக்கூடக் குறைத்துவிட்டீர்களாம். அண்ணன் வீட்டுக்கு அனுப்பலாம் என்று யோசிக்கிறீர்கள் போல. தயவுசெய்து அவசரப்படாதீர்கள். என்னோடு அனுப்புங்கள். அங்கே தனியாக விட்டால் தன் கண்ணைத் தானே நம்ப ஆரம்பித்துவிடுவாள். அப்புறம் பாவம், அவளை யார் பார்த்துக்கொள்வார்கள்?