கதவுக்குப் பின்னாடி நிக்கிற பெட்டி

…அதான் சொல்றேன்ணா, லீவு குடுத்தா ஒழுங்கா லீவு குடுக்கணும்! நாளைக்கு எங்க டீனா அக்காவுக்குக் கல்யாணம். இருக்கறதே ஒரு அக்கா. இன்னிக்குக் காலைல போன் போட்டு டாடிய ‘உடனே கெளம்பு’ன்னா நியாயமா? சொல்லுங்க! …சரி, சொல்ல வேணாம், கேளுங்க. ஏர்போர்ட்தானே போறீங்க? பஸ் போய்ச் சேர்ற வரைக்கும் டைம் இருக்கு.

டாடிக்கு எண்ணெய்க் கம்பெனில வேலைணா. கவர்மென்ட் கம்பெனிதான், ஆனா கெணறெல்லாம் வெளிநாட்டுல. வியட்நாம் கடல் நடுவுல இரும்புக் கால் ஊனி நிக்குது. ஒரு மாசம் அங்க, ஒரு மாசம் இங்க பெங்களூர்ல, லிங்கராஜபுரம். டாடி வீட்ல இருந்தா அவரு வேலையப் பாக்கற பாலகுமார் அங்கிள் கடல்ல. இவரு போனாத்தான் அவரு கரையேறுவாரு. ரெண்டு பேருக்கும் அங்க ஒரே கட்டில். மூஞ்சியப் பாத்துக்கறதே ஹெலிகாப்டர் எறங்கற எடத்துலதான்!

அதனால டாடி பெட்டி எப்பவும் ரெடியா கதவுக்குப் பின்னாடி நிக்கும். என் புதுநன்மைக்கு, சர்ச்சுல மொதமொத அப்பம் வாங்குன அன்னிக்கு, அவரு இல்ல. போன கிறிஸ்மஸுக்கும் இல்ல. வீடியோ கால்ல வருவாரு, கேக் வெட்டறப்ப படம் நின்னுடும்… வாயத் தொறந்தபடியே இருப்பாரு, இப்டி… ஆஆ!

யாரு, கண்டக்டரா? அவரு ‘சீக்கிரம் எறங்கு’ன்னு கன்னடத்துல கத்தறத அப்டியே பேசிக் காட்டவா? ‘ஹெப்பாள் யாரு, ஹெப்பாள்! பேக இளீரி, பேக!’ …ஐயோ, திரும்பிப் பாக்கறாரு. நான் இல்லண்ணா, நான் இல்ல!

எங்க விட்டேன்? ஆங், காலைல போன் போட்ட சக்சேனா! தில்லி ஆபீஸ்லேர்ந்து கெணத்துக்கு ஆள் அனுப்பற சார். தொண்டைல கோலிகுண்டு மாட்டுன மாதிரி பேசுவாரு. டாடி பேரக் கூட அப்டித்தான், ‘ரெமிஜியஸ்ஜீ! பாலகுமார் ஃபீவர்! டுடே ஃப்ளைட்! நோ எக்ஸ்க்யூஸ்!’ அப்பிடியே இருக்கா? டாடி என்ன சொன்னாரு தெரியுமா? ‘எஸ் சார்.’ அவ்ளோதான்! பெட்டியத் தூக்குனாரு, ஆட்டோ புடிச்சாரு, போயே போயிட்டாரு. மம்மி நைட்டி மேல போட்ட துண்ட வாயில அழுத்திட்டு, தோள் குலுங்கக் குலுங்க…

என்னது? சக்சேனா பேசுனது எனக்கு எப்டித் தெரியுமா?

…பேசுனதே நான்தான்ணா.

அப்டிப் பாக்காதீங்க! ஃப்ரெண்டோட போன்ல, மொட்டமாடிலேர்ந்து. வீட்டுக்குள்ள பேச முடியாதுணா, எங்க மிக்ஸி கிர்ர்ரீஈஈங்… டக்டக்… கிர்ர்ரீஈஈங்னு தெருவையே கூப்புடும். கல்யாண மசாலா விடியறதுலேர்ந்து ஓடுது. டாடி அந்த சக்சேனாவ ஒரு தடவையாச்சும் ‘போய்யா, நீயும் உன் எண்ணெயும்’னு கத்துவாருன்னு பாத்தேன். அதக் கேக்கத்தான் போன் போட்டதே! அவரு கத்தவே இல்லண்ணா. கீழ ஓடி வர்றதுக்குள்ள ஆட்டோ முக்கு திரும்பிடுச்சு. நாளைக்கு அக்கா யாரு கையப் புடிச்சிட்டு மாதா கோயிலுக்குள்ள நடப்பா? அவரு போனயும் சார்ஜர்லயே விட்டுட்டுப் போயிட்டாரு, இதோ என் பாக்கெட்ல… அதான் ஏர்போர்ட்லயே அவரப் புடிக்க பஸ் ஏறிட்டேன்.

ஐயோ, அடிக்குது! ஏதோ தெரியாத நம்பர். ஹலோ? …எஸ் சார். சக்சேனா சாரா?!

(அண்ணா, நெஜ சக்சேனா!)

சார், டாடி மேல தப்பே இல்ல சார்… வேலைய மட்டும் எடுத்துடாதீங்க… ஆமா சார், உங்க கொரல்ல பேசுனது நான்தான் சார்… என்ன சார், தண்டனையா? பாலகுமார் அங்கிளுக்குப் பதிலா நான் வரணுமா?! கடலுக்கா? சார், எனக்கு பஸ்லயே வாந்தி வரும் சார்… ஒரு நிமிஷம். சார், உங்க பின்னாடி என்ன சத்தம்? கிர்ர்ரீஈஈங்… டக்டக்…

அண்ணா! தில்லி ஆபீஸ்ல எங்க வீட்டு மிக்ஸி ஓடுதுணா!

அடப்பாவி டாடி! காலைலயே என் கொரலக் கண்டுபுடிச்சிட்டு, இப்ப அதே சக்சேனா கொரல்ல என்னையே ஏமாத்தறாரு! மாடிக்குப் போய்ப் பேசணும்ங்கற வெவரம் கூடத் தெரியல! அப்ப மம்மி துண்ட வச்சு அழுத்துனது அழுகை இல்லியா, சிரிப்பா? தெருவ ஒரு சுத்து சுத்திட்டு அதே ஆட்டோல வந்து எறங்கிட்டாருணா! வீட்லதான் இருக்காரு! நாளைக்கும் இருப்பாரு! …எனக்குக் கண்ணு வேர்க்குதுணா, ஏசி சரியில்ல.

ஆனா இத இப்டியே விட முடியாது. போன கையால மூடிருக்கேன், இன்னும் லைன்லதான் இருக்காரு. உங்களுக்குக் கட்டக் கொரல்தானே? ‘ஏர்போர்ட் போலீஸ். உங்க பையன் ஃப்ளைட் ஏறிட்டான்’. இவ்ளோதான், சொல்லிட்டுக் குடுத்துடுங்க. இந்தாங்க… அண்ணா?

அண்ணா, ஏர்போர்ட் இன்னும் வரலியே… பெட்டியத் தூக்கிட்டு எங்க போறீங்க?