கணையம் என்று எழுதிய குப்பி

உங்கள் அலுவலகத்தில் எல்லோரும் வெளிச் செருப்போடு நடமாடுகிறீர்கள். குறை சொல்லவில்லை, கண்ணில் பட்டது. என் ஆய்வகத்தில் அது நடக்காது. நேற்று வந்த உங்கள் ஆட்களையும் வாசலிலேயே செருப்பு மாற்றச் சொன்னேன். ஒருவர் முறைத்தார். செல் வளர்க்கிற இடத்தில் சுத்தம் போனால் எல்லாம் போயிற்று.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். வரிசையாகச் சொன்னால் உங்களுக்கும் எழுதிக்கொள்ள வசதி.

புற்றுநோய் ஆய்வுக்கு வரும் மாணவர்களுக்கு நான் கற்றுத்தருவது ஒன்றைத்தான்: யாரையும் நம்பாதே. வாயால் சொன்னால் தலையாட்டிவிட்டு டீ குடிக்கப் போய்விடுவார்கள். அதனால் புதிதாகச் சேரும் ஒவ்வொருவருக்கும் செல்களை உறையவைத்திருக்கும் கலனிலிருந்து ஒரு குப்பி எடுத்துக் கொடுப்பேன். மேலே என் கையெழுத்தில் 'கணையம்' என்றிருக்கும். உள்ளே இருப்பது சினைப்பைப் புற்றின் செல்கள். நுண்ணோக்கியில் இரண்டும் கூடப் பிறந்தவை போலத்தான் தெரியும். மரபணு அடையாளச் சோதனைக்கு அனுப்பினால் குட்டு வெளிப்பட்டுவிடும். விவரமானவர்கள் வேலை தொடங்கும் முன்பே அனுப்புவார்கள்.

ஒருத்தி குப்பியைக் கொண்டுவந்து என் மேசைமேல் வைத்து, "இது உங்க வேலைதானே சார்?" என்றாள். சிரித்தேன். இன்று அவள் தனியாக ஒரு ஆய்வகம் நடத்துகிறாள். கண்டுபிடித்தவர்கள் அடுத்து வருபவர்களிடம் மூச்சு விடக்கூடாது. அது எங்கள் வழக்கம். கண்டுபிடிக்காதவர்களிடம், கட்டுரை வெளியே போகும் முன் நானே சொல்லிவிடுவேன். நான் கல்நெஞ்சக்காரன் அல்ல.

நீங்கள் காவலில் வைத்திருக்கும் பையனுக்கு ஆய்வகத்தில் 'அக்காதம்பி' என்று பெயர். வாயைத் திறந்தால் அக்காதான். அவர் பள்ளிப் பேருந்து ஓட்டி இவனைப் படிக்கவைத்தவர். அவருக்குக் கணையத்தில் புற்று. அதனால்தான் இவன் இந்தத் துறைக்கே வந்தான். ஒருநாள் அவர் வாசலில் நின்றபடியே கேட்டார்:

"என்ன சார், இவன் வேலை செய்யறானா, இல்ல ஏசி காத்து வாங்கறானா?"

"அக்கா, மானத்த வாங்காத."

"இருந்தா வாங்க மாட்டேனா?"

எல்லோரும் சிரித்தோம்.

அவன் சோதித்த மருந்தில் செல்கள் கொத்துக் கொத்தாகச் செத்தன. சாகாமல் என்ன செய்யும்? சினைப்பைச் செல்களை அந்த மருந்து கொல்லும். கணையச் செல்களை ஒன்றும் செய்யாது. அதே செல்களை ஏற்றிய எலிகளிலும் கட்டி கரைந்தது. பையன் துள்ளிக் குதித்தான். அடையாளச் சோதனை செய்தாயா என்று ஒரு பேச்சுக்குக் கேட்டேன்.

"நீங்க கையால எழுதிக் குடுத்தது சார். அதப் போய் சந்தேகப்படுவேனா?"

என் வருத்தம் உங்களுக்குப் புரியுமா தெரியவில்லை. இத்தனை சொல்லிக்கொடுத்தும் இப்படி ஒரு பதில். இவனுக்கு நானாகச் சொல்லக்கூடாது, பட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டும் என்று அப்போது முடிவு செய்தேன். கட்டுரை வெளிவந்தது. பலரும் பாராட்டினார்கள். பக்கத்து மருத்துவமனை டாக்டர், கணையப் புற்று நோயாளிகள் சிலருக்கு அந்த மருந்தைக் கொடுத்துப் பார்க்க அனுமதி வாங்கினார். இடையில் பேசலாம்தான். ஆனால் பாடத்தைப் பாதியில் நிறுத்தி எனக்குப் பழக்கமில்லை.

அந்த மருந்துச் சோதனையில் சேர விரும்புகிறவர்கள் அதுவரை எடுத்துவந்த சிகிச்சையை விட வேண்டும். அக்காவுக்கு அந்தச் சிகிச்சை ஓரளவு கேட்டுக்கொண்டுதான் இருந்தது, பேருந்து ஓட்டுவதைக்கூட விடவில்லை. மருத்துவமனை நடைவழியில் என்னை மடக்கினார்.

"சார், டாக்டர் சொல்றது பாதி புரியல. நீங்க சொன்னா சேர்ந்துடறேன். உங்களுக்கு நம்பிக்கை இருக்கா?"

"உங்க தம்பியோட உழைப்புல எனக்கு முழு நம்பிக்கை இருக்கும்மா" என்றேன்.

அதில் பொய் ஒன்றும் இல்லை. அவன் உழைப்பாளிதான்.

மழைக்காலம் முடிவதற்குள் அவர் போய்விட்டார். சேர்ந்த மற்றவர்களும் அவருக்கு முன்னும் பின்னுமாகப் போனார்கள். பையன் அதன் பிறகுதான் செல்களைச் சோதனைக்கு அனுப்பினான். முடிவு வந்த அன்று என் அறைக்கு வந்து நின்றான். உட்காரச் சொல்லித் தண்ணீர் கொடுத்தேன்.

"செல் மாறிப்போச்சு சார். நான்தான் எங்கயோ கலந்துட்டேன். எங்கன்னு தெரியல. என் கையாலயே அக்காவ…"

தாமதமானாலும் கண்டுபிடித்துவிட்டானே என்று எனக்கு உண்மையிலேயே நிறைவாக இருந்தது. "இனிமேல் எதையும் சோதிக்காமல் தொடாதே" என்றேன். தலையாட்டினான்.

பாடம் அதோடு முடிந்தது. நானும் பேசாமல் இருந்திருப்பேன். ஆனால் கவனக்குறைவால் செல்களைக் கலந்துவிட்டதாக அவன் உங்களிடம் ஒப்புக்கொண்டிருக்கிறான் என்று நேற்று உங்கள் ஆட்கள் சொன்னார்கள். இரவெல்லாம் அது உறுத்தியது. அதனால்தான் காலையில் நானாகவே வந்தேன்.

குப்பியை மாற்றிக் கொடுத்தது நான். தெரிந்தே கொடுத்தேன், தெரிந்தே அந்த அம்மாவை அனுப்பினேன். கையெழுத்துப் போடுகிறேன். அந்தப் பையன் சொன்னதை மட்டும் அடித்துவிடுங்கள். என் ஆய்வகத்தில் இதுவரை எதுவும் தவறுதலாகக் கலந்ததே இல்லை.