இங்கிலீஷ் வந்துடுச்சு

உங்கள் ஸ்டேஷன் கம்ப்யூட்டரில் தமிழ் கட்டம் கட்டமாகத் தெரிகிறது, சார். எழுத்துரு பழசு. போவதற்கு முன் நானே சரிசெய்து கொடுத்துவிடுகிறேன், பெரிய வேலையில்லை. அதுவரைக்கும் ரைட்டர் கையால் எழுதட்டும். நான் நிதானமாகத்தான் சொல்வேன்.

வந்த காரணத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். ஆம்பூரில் எங்கள் தோல் தொழிற்சாலையில், கழிவுநீர்த் தொட்டிக்குள் இறங்கிய கன்னியப்பனும் நவநீதனும் மேலே வரவில்லை. அந்த வழக்கில் நீங்கள் இரண்டு காரணங்கள் எழுதியிருக்கிறீர்கள். மேஸ்திரி மஹபூப் பாஷா பொறுப்பில்லாமல் இடத்தை விட்டுப் போனார் என்பது ஒன்று. எச்சரிக்கை செய்ய வேண்டிய கணினி பழுதாகிவிட்டது என்பது இன்னொன்று. பேப்பரிலும் அதையே போட்டுவிட்டார்கள். கணினி பழுதாகவில்லை, சார். அன்றைக்கு அது ஒரு குறையும் இல்லாமல் வேலை செய்தது. அதைத் திருத்தத்தான் வந்தேன். பாஷாவை உள்ளே வைத்திருப்பதும் சரியில்லை, கையோடு அதையும் பார்த்துவிடலாம்.

என் பெயர் டைட்டஸ். அந்தத் தொழிற்சாலையில் கம்ப்யூட்டர் என்று இருப்பதெல்லாம் என் பொறுப்பு. அம்மா வேலூரில் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவள், சிஸ்டர் ஜெபகனி என்றால் பழைய ஆட்களுக்குத் தெரியும். நோயாளியிடம் எதையும் பட்டென்று போட்டு உடைக்கக் கூடாது என்று வீட்டில் சொல்லிக்கொண்டே இருப்பாள். அதைக் கேட்டு வளர்ந்தவன் நான். யாரையும் கடிந்து பேசியதில்லை. நீங்கள் ஊரில் விசாரித்துக்கொள்ளலாம்.

தோலிலிருந்து மயிரை எடுக்கச் சுண்ணாம்போடு ஒரு மருந்து போடுவார்கள். அந்தத் தண்ணீரும் அமிலத் தண்ணீரும் தொட்டியில் போய்க் கலந்தால் வாயு கிளம்பும். கொஞ்சமாக இருந்தால் அழுகிய முட்டை நாற்றம் வரும். அதிகமானால் மூக்கு மரத்துப்போய் நாற்றமே தெரியாது. அதனால்தான் மனிதன் மூக்கை நம்பாமல் தொட்டிக்குள் ஒரு கருவி வைத்தார்கள். கருவி சொல்வதைப் படித்துத் திரையில் காட்டும் புரோகிராம் நான் எழுதியது. தொட்டி ஓரத்தில் கண்ணாடிப் பெட்டிக்குள் ஒரு திரை, மாடியில் என் மேஜையில் ஒரு திரை. வாயு ஏறினால் இரண்டிலும் சிவப்பு வரும். கீழே சைரன் அலறும். 'விஷவாயு, இறங்காதே, உயிர் போகும்' என்று இங்கிலீஷில் எழுதிக் காட்டும்.

தொட்டி வேலைக்காரர்கள் யாருக்கும் இங்கிலீஷ் வாசிக்க வராது. அதனால் அவர்களாகவே ஒரு வழக்கம் வைத்துக்கொண்டார்கள். சிவப்பு வந்ததும் ஒருவன், "டேய், இங்கிலீஷ் வந்துடுச்சு" என்று சத்தம் போடுவான். அவ்வளவுதான், கையில் இருப்பதைப் போட்டுவிட்டு எல்லாரும் கேட்டுக்கு வெளியே டீக்கடைக்குப் போய்விடுவார்கள். மஹபூப் பாஷா வந்து, திரையைப் பார்த்து, விசிறியை ஓடவிட்டு, கை தட்டிக் கூப்பிட்டால்தான் திரும்புவார்கள். எங்கள் இடத்தில் வாயுவுக்குப் பெயரே இங்கிலீஷ் என்றாகிவிட்டது. "இன்னாடா, இன்னிக்கி இங்கிலீஷ் ஜாஸ்தியா?" என்று விசாரித்துக்கொள்வார்கள். எனக்கு அது கொஞ்சம் கேவலமாக இருந்தது. அத்தனை பாடுபட்டு எழுதிய வாக்கியத்தை ஒருவனும் படிப்பதில்லை, நிறத்தைப் பார்த்தே ஓடுகிறான்.

மழைக்காலத்தில் இங்கிலீஷ் அடிக்கடி வந்தது. இறங்கிச் சுத்தம் செய்யாமல் தொட்டி அடைத்துக்கொண்டால் பீப்பாயில் சுற்றும் தோலை வெளியே எடுக்க முடியாது, ஊறி வீணாகும். முதலாளி அப்துல் கரீம் பாய் நல்ல மனிதர், குரல் உயர்த்த மாட்டார். ஒருநாள் என்னைக் கூப்பிட்டார்.

"இன்னா டைட்டஸ், உன் மிசின் வேலை செய்யுதா, வேலைய நிறுத்துதா? பேஜாரா இருக்குப்பா. பெருநாளைக்குள்ள சரியாவலன்னா அத்த கழட்டி வெச்சிடு. பழையபடி விளக்க எறக்கி, அணையுதான்னு பார்த்துக்கலாம்."

என் புரோகிராமைக் கழற்றி வைப்பது என்றால் என்ன என்று உங்களுக்குச் சொல்லிப் புரியவைக்க முடியுமா தெரியவில்லை. கல்யாணம் கூடத் தள்ளிப்போட்டு எழுதியது, சார். அன்று மதியம் நான் சாப்பிடவில்லை.

இந்த நேரத்தில்தான் புது வெர்ஷன் வந்தது. நாங்கள் எதை வைத்து புரோகிராம் கட்டுகிறோமோ, அந்த மென்பொருளின் புதிய பதிப்பு. இரண்டாயிரத்து நான்கு, பொங்கல் கழிந்து சி.டி. வந்து சேர்ந்தது. வெளிநாட்டுக்காரன் எத்தனை மொழிகளைப் பற்றிக் கவலைப்பட்டிருக்கிறான் என்று பார்த்து அசந்துபோனேன். முன்பெல்லாம் வாக்கியங்கள் புரோகிராமுக்குள்ளேயே புதைந்து கிடக்கும். இப்போது ஒவ்வொரு மொழிக்கும் தனி இடம். தமிழ் எழுத்து உடையாமல் வருகிறது. தமிழ் நீளமான மொழி, அதற்குத் தக்கபடி பொத்தான் தானே அகலமாகிக்கொள்கிறது. இதெல்லாம் கூடப் பெரிதில்லை. மொழியை மாற்றும்போது நிறத்தையும் ஒலியையும் சேர்த்து மாற்றலாம். ஒவ்வொரு நாட்டுக்காரனுக்கும் ஒரு நிறம் ஒவ்வொரு விதமாகப் படுமாம். எத்தனை மரியாதை பாருங்கள்.

இன்னொரு வசதியையும் சொல்ல வேண்டும். தமிழ் இடத்தை ஒருவன் நிரப்பாமல் விட்டுவிட்டால், அது தானாகவே இங்கிலீஷை எடுத்துக் காட்டும். அதாவது நான் காலியாக விட்டிருந்தால் பழையபடி சிவப்பில் இங்கிலீஷே வந்திருக்கும். நான் காலியாக விடவில்லை.

எச்சரிக்கை தொழிலாளியின் சொந்த மொழியில் இருக்க வேண்டும் என்று எங்களிடம் தோல் வாங்கும் ஜெர்மன் செருப்புக் கம்பெனியும் கேட்டுக்கொண்டிருந்தது. எல்லாம் ஒரே நேரத்தில் கூடிவந்தது. சர்ச்சில் கிறிஸ்துமஸ் நாடகம் எழுதுகிறவன் நான், தமிழ் எனக்குக் கஷ்டமில்லை. ஒரு வாரம் உட்கார்ந்து ஒவ்வொரு வாக்கியமாக யோசித்தேன். 'இறங்காதே' என்று ஒரு பெரிய மனுஷனைப் பார்த்து ஒரு மிசின் சொல்லலாமா? 'உயிர் போகும்' என்பது அபசகுனம். கடைசியில் இப்படி வைத்தேன்: 'தொட்டியில் காற்றோட்டம் சற்றுக் குறைவாக உள்ளது. கவனத்துடன் பணியைத் தொடரவும். நன்றி.' சிவப்பு வேண்டாம் என்று மஞ்சள் வைத்தேன், மங்களகரமான நிறம். சைரனுக்குப் பதில், ஆஸ்பத்திரி லிஃப்ட் வந்து நிற்கும்போது கேட்குமே, அந்த மாதிரி ஒரு மணி.

முதலில் பார்த்தது கன்னியப்பன். அஞ்சாவது வரை படித்தவர், தலையில் துண்டோடு நின்று எழுத்துக் கூட்டிச் சத்தமாக வாசித்தார். பிறகு ஓடிவந்து என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"இத்தினி வருசமா அது யாருகிட்டயோ பேசினு இருந்திச்சு சார். இப்பதான் நம்மகிட்ட பேசுது. அதுவும் நன்றின்னு சொல்லுது பாருங்க."

அவர் கண்ணில் தண்ணீர் இருந்தது. எனக்கும் சந்தோஷமாகத்தான் இருந்தது. அதிலிருந்து மணி அடித்தால் கன்னியப்பன் போய் வாசிப்பார், மற்றவர்களுக்குச் சொல்வார், வேலை நடக்கும். தலைவலிக்கிறது என்று இரண்டு மூன்று பேர் சொன்னார்கள். பகலில் வெயில் ஏறத் தொடங்கியிருந்தது. கரீம் பாய் பெருநாளைக்கு எனக்கு ஒரு சட்டைத்துணி கொடுத்தார்.

மஹபூப் பாஷா மட்டும் மாடி ஏறி வந்தார். இங்கிலீஷ் கொஞ்சம் படித்தவர், இரண்டையும் ஒப்பிட்டுப் பார்த்திருக்கிறார்.

"சார், தமிழ் வெச்சது நல்லதுதான். அந்த சிவப்பு மட்டும் இருக்கட்டும். சிவப்புக்குப் படிப்பு வாணாம்."

"பயமுறுத்தி வேலை வாங்கக் கூடாது பாய்," என்றேன்.

"பயந்தாதான சார் வெளிய வருவான்."

பார்க்கலாம் என்று சொல்லி அனுப்பினேன். அவர் அதோடு விடவில்லை, பார்க்கும்போதெல்லாம் கேட்டார். நானும் ஒவ்வொரு முறையும் பார்க்கலாம் என்றேன். இதை வழக்கில் எழுதிக்கொள்ளுங்கள், அவருக்கு உதவும்.

வெள்ளிக்கிழமை மதியம் பாஷா ஜும்மா தொழுகைக்குப் போவார். இங்கிலீஷ் படிக்க ஆள் இல்லை என்று அந்த நேரத்தில் தொட்டியில் இறங்குவதே இல்லை, ரொம்ப நாளாக அப்படி ஒரு வழக்கம். தமிழ் வந்த பிறகு அந்த வழக்கத்துக்கு என்ன அவசியம்? கன்னியப்பனுக்குத்தான் வாசிக்கத் தெரிகிறதே. வெள்ளி மதியமும் தொட்டி சுத்தம் செய்யலாம் என்று கரீம் பாயிடம் சொன்னது நான்தான். பாஷா பொறுப்பில்லாமல் போகவில்லை, சார். நாங்கள் ஏற்பாடு செய்தபடி தொழப் போனார்.

அந்த வெள்ளிக்கிழமை ஜெர்மன் கம்பெனியின் பிரதிநிதி வந்திருந்தார். கரீம் பாயும் தொழுகைக்குப் போய்விட்டதால் மாடியில் நானும் அவரும் மட்டும். என் திரை இங்கிலீஷில் இருந்தது. பொத்தான்களைக் காட்டி விளக்கிக்கொண்டிருந்தபோது திரை சிவப்பானது. வாயு அளவைக் காட்டும் எண் மிக அதிகம். அத்தனை அதிகமாக நான் அதுவரை பார்த்ததில்லை.

பிரதிநிதி முகம் மாறிவிட்டது. இது நிஜமா என்று கேட்டார்.

இல்லை, உங்களுக்குக் காட்டுவதற்காக நான் வரவழைத்தது என்றேன்.

வேறென்ன சொல்ல முடியும், சார்? நிஜம் என்றால் கீழே ஓட வேண்டும், சத்தம் போட வேண்டும், அவர் எதிரில் எல்லாம் அலங்கோலமாகும். அத்தனை நாள் உழைப்பு. அவர் நிம்மதியாகச் சிரித்தார். இது தொழிலாளிக்கு எப்படித் தெரியும், காட்டுங்கள் என்றார். மொழியைத் தமிழுக்கு மாற்றினேன். சிவப்பு போய் மஞ்சள் வந்தது, மணி இனிமையாக அடித்தது. அவர் கை தட்டினார். எழுத்து அழகாக இருக்கிறது என்று போட்டோ எடுத்துக்கொண்டார்.

என் ஜன்னலிலிருந்து தொட்டி தெரியும். கன்னியப்பன் கண்ணாடிப் பெட்டிக்கு முன் நின்று, விரல் வைத்து, கடைசி வார்த்தை வரைக்கும் வாசித்தார். தலையை ஆட்டினார். துண்டை இறுக்கிக் கட்டிக்கொண்டு ஏணியில் இறங்கினார். கொஞ்ச நேரம் கழித்து நவநீதன் குனிந்து பார்த்தான், கூப்பிட்டான், அவனும் இறங்கினான். ஜன்னல் திறந்துதான் இருந்தது. கூப்பிட்டிருந்தால் கேட்டிருக்கும். பிரதிநிதி அரபு மொழியிலும் செய்ய முடியுமா என்று கேட்டார், வலமிருந்து இடமாக எழுதும் வசதியும் இருக்கிறது என்று காட்டிக்கொண்டிருந்தேன். அது புது வெர்ஷனில் சிறப்பாக வந்திருக்கிறது.

பிறகு அவரைப் பின்வாசல் வழியாகப் பிரியாணி சாப்பிட அழைத்துப் போனேன். தொட்டுக்கொள்ளக் கொடுத்த கத்திரிக்காய் அவருக்குப் பிடித்திருந்தது. திரும்பி வரும்போது கேட்டில் கூட்டம்.

எல்லாம் முடிந்த பிறகு அம்மா மட்டும் ஒன்று கேட்டாள். நான் எழுதிய தமிழ் வாக்கியத்தை வாங்கிப் படித்துவிட்டு, "இதுல வாயுன்ற வார்த்தையே இல்லியேடா" என்றாள். பட்டென்று சொல்லக் கூடாது என்று நீதானே சொல்லுவாய் என்றேன். "மெதுவா சொல்லச் சொன்னேன். சொல்லாம விடச் சொன்னனா?" என்றாள். அதிலிருந்து என்னோடு பேசுவதில்லை. வயதாகிவிட்டது, சின்ன விஷயத்துக்கெல்லாம் மனம் வாடுகிறது.

பாஷாவின் மனைவி ரஃபத் ஜஹான் வீட்டுக்கு வந்து வாசலிலேயே நின்றார். "சிவப்பு கேட்டார்னு மட்டும் சொல்லுங்க, அது போதும் எங்களுக்கு" என்றார். சொல்லலாம் என்றுதான் இருந்தேன். ஆனால் மறுநாள் பேப்பரில் 'கணினிக் கோளாறு' என்று பார்த்த பிறகுதான் இனி சும்மா இருக்கக் கூடாது என்று கிளம்பி வந்தேன். கருவி சரியாக அளந்தது. புரோகிராம் சரியாகப் படித்தது. திரை, எழுதிவைத்ததை அப்படியே காட்டியது. ஒரு பழுதும் இல்லை. எழுதிவைத்தது நான்.

ரைட்டர் வாசித்துக் காட்டியது எல்லாம் நான் சொன்னபடியே இருக்கிறது, கையெழுத்துப் போடுகிறேன். ஒரே ஒரு இடம் மட்டும். 'விஷவாயு இருப்பது தெரிந்தும், அவர்கள் சாக இறங்குவதைப் பார்த்துக்கொண்டு சும்மா நின்றேன்' என்று எழுதியிருக்கிறார். உண்மைதான், மறுக்கவில்லை. ஆனால் இது கோர்ட்டுக்குப் போனால் கன்னியப்பன் மனைவி செல்லம்மாள் கைக்கும் ஒரு நகல் போகும். தமிழ் படிக்கத் தெரிந்தவர். அவருக்குப் புரிகிற மொழியில் எழுதும்போது நாம்தான் கொஞ்சம் பார்த்து எழுத வேண்டும். 'நிலைமையைக் கவனித்துக்கொண்டிருந்தேன்' என்று மாற்றிவிடுங்கள், சார். முடிவில் நன்றி என்று ஒரு வார்த்தையும் சேர்த்துக்கொள்ளலாம்.