திரையில் இல்லாத வரிகள்

இசைக் கலைஞர்களின் இணையதளத்தைப் பார்வையற்றவர்களும் பயன்படுத்தும்படி அமைப்பது பெரிய வித்தை இல்லை, ஐயா. படத்தில் என்ன இருக்கிறதென்று எழுதிவைக்க வேண்டும், பொத்தானுக்குப் பெயர் வைக்க வேண்டும். மீதியைக் கைபேசியின் குரல் வாசித்துவிடும். இந்தக் காவ்சியுங் நகரத்தில் அதைப் பொறுமையாகச் செய்கிறவன் நான் ஒருவன்தான்.

பெய்-ருங் எனக்கு அப்படித்தான் பழக்கமானாள். அர்ஹூ என்கிற இரண்டு தந்தி வாத்தியம் வாசிப்பாள். பிறவியிலேயே பார்வை இல்லை. தளம் தயாரானதும் முழுக்கக் கேட்டுவிட்டு, "என் மூஞ்சி எப்படியிருக்குன்னு இன்னைக்குத்தான் எனக்கே தெரிஞ்சுது. நீ எழுதினது மட்டும் பொய்யா இருந்துச்சு, தொலைச்சிடுவேன்" என்று சிரித்தாள். அந்த ஆண்டே என் வீட்டுக்கு வந்துவிட்டாள்.

பிறகு ஒசாகாவிலிருந்து அழைப்பு. இரண்டு வருடம் அங்கேயே தங்கி வாசிக்க வேண்டும். "நீ அலைய வேண்டாம். அங்க எல்லாத்துக்கும் ஆள் இருக்கு" என்றாள். நல்ல மனதோடுதான் சொன்னாள். எனக்குத்தான் சோறு இறங்கவில்லை. துவைக்க எடுத்த அவள் சட்டையைப் பிடித்தபடி அப்படியே நின்றுவிடுவேன். அவள் போய்விட்டால் எனக்குப் பேச ஒரு ஆள் கிடையாது.

கண்ணுக்குத் தெரியாமல், வாசிக்கும் குரலுக்கு மட்டும் எட்டும்படி எழுத்தை வைக்கலாம். பார்வையற்றவர்களுக்கு உதவத்தான் அந்த வசதி. அவள் தளத்தில் ரசிகர்களின் பாராட்டுகளுக்கு நடுவே அப்படிச் சில வரிகள் வைத்தேன். "சுருதி சேரவில்லை." "பரிதாபத்துக்குக் கைதட்டுகிறார்கள்." முதலில் அவள் சிரித்தாள். அதனால் இன்னும் கொஞ்சம் எழுத வேண்டியதாயிற்று.

"எல்லாரும் இப்படித்தான் நினைக்கிறாங்களா? நீயே படிச்சுச் சொல்லு."

திரையில் பாராட்டுகள் மட்டுமே இருந்தன. "நானும் அதைத்தான் படிக்கிறேன்" என்றேன்.

ஒசாகாவை வேண்டாமென்றாள், வாசிப்பதையும் நிறுத்தினாள். அதோடு நிறுத்தியிருக்கலாமே என்கிறீர்கள். ஆனால் அவள் மறுபடி அர்ஹூவைக் கையில் எடுத்தாளே. நானும் எழுதினேன். ஒருநாள் இடக்கை விரல்களை இரும்புக் கதவின் இடுக்கில் வைத்து, வலக்கையால் அறைந்து சாத்திக்கொண்டாள்.

கஞ்சியை நான்தான் ஊட்டினேன். அந்த மாதங்களில் எங்களுக்குள் ஒரு சண்டைகூட வந்ததில்லை.

பக்கத்து ஊரான தைநானில் பார்வையற்ற ரசிகர் ஒருவர் தன் தங்கையிடம், "இந்தப் பொண்ணை யாரு இப்படித் திட்டுறது?" என்று கேட்டிருக்கிறார். "திட்டா? எல்லாரும் புகழ்ந்துதானேண்ணா எழுதியிருக்காங்க" என்றாளாம். அவர்கள் போலீசில் சொல்லித்தான் நீங்கள் என் வீட்டுக்கு வந்தீர்கள். அவளைப்போல மற்றவர்களும் கேட்பார்கள் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

ஆமாம், ஒவ்வொரு வரியும் நான் எழுதியதுதான். கையெழுத்துப் போடுகிறேன். ஆனால் அவளைத் தனியாக விட்டுவிடாதீர்கள், ஐயா. பாவம், என்னை விட்டால் அவளுக்கு யார் இருக்கிறார்கள்?