ஜன்னலோரத்து இடம்

வீட்டுச் சாமான் ஏத்தற ரேட்டு அப்புறம் சொல்லுங்கண்ணே. போர்டுல உள்ளூர் வண்டி, வெளியூர் வண்டின்னு ரெண்டு எழுதி வச்சிருக்கீங்கல்ல, ரெண்டுக்கும் என்ன வித்தியாசம், அத மொதல்ல சொல்லுங்க. ம். உள்ளூர்னா சாமானுக்குக் கம்பளியச் சுத்தி அப்படியே ஏத்தி, அன்னிக்கே இறக்கிடுவீங்க. பீரோவுல இருக்கற துணியக்கூட எடுக்க வேணாம். சரி. வெளியூர்னா? ஒவ்வொண்ணா அட்டையில கட்டி, குடோன்ல போட்டு, அந்தப் பக்கம் போற மத்தவங்க சாமானும் சேந்து வண்டி நெறைஞ்சாத்தான் கெளம்பும். நடுவுல வண்டி வேற மாறும். ஓகோ. அப்படி மாத்தும்போது ஏதாவது தவறிப்போறது உண்டா?

பயந்துபோய்க் கேக்கலண்ணே, சும்மா தெரிஞ்சுக்கலாம்னுதான். ஒருத்தர் கட்டில் இன்னொருத்தர் வீட்டுல போய் இறங்கிருக்கா? நெசமாவா? பாருங்களேன். இல்ல இல்ல, நான் சிரிக்கல.

நாங்க எங்க போறோமா? இந்தா, உங்க கடைக்குப் பின்னாடி தெருவுலதான் இருக்கோம். அங்கேருந்து பள்ளிக்கூடத்துப் பக்கத்துல ஒரு வீட்டுக்கு. ஆமா, நடந்தே போயிடலாம். தெரியும்ணே, இதுக்கு உள்ளூர் வண்டியே ஜாஸ்தி. என் வீட்டுக்காரரும் உள்ளூர் வண்டி பேசிட்டு வான்னுதான் அனுப்பினாரு. எனக்குத்தான் மனசு ஒரு நெலையில இல்ல.

சாமான் பெருசா ஒண்ணுமில்ல. கட்டில், பீரோ, ஃப்ரிட்ஜ், ரெண்டு நாக்காலி, பாத்திரம் பண்டம். அப்புறம் ஒரு தையல் மிஷின். கால்ல மிதிக்கற பழைய மாடல், இரும்புக் காலு, நல்ல கனம். நானா? எனக்கு ஊசியில நூல் கோக்கவே வராது. பட்டன் அந்துபோனா தெருமுனை டெய்லர்கிட்ட ஓடுவேன். அது என் வீட்டுக்காரரு மொதல்ல கட்டினவளோடது. நான் ரெண்டாவது. அவ ஏதோ காய்ச்சல்ல போயிட்டா, பாவம், சின்ன வயசு. நான் அவளப் பாத்ததுகூட இல்ல.

செத்தவ மேல என்னண்ணே கோவம்? பொறாமைதான். சொல்றதுக்கு என்ன வெக்கம். உசுரோட இருக்கற சக்களத்தின்னா முடியப் புடிச்சு நாலு சண்டை போடலாம். இவ ஒரு வார்த்தை பேசாம, ஒரு தப்பு பண்ணாம, ஹால்ல உக்காந்திருக்கா. இவகிட்ட நான் எதச் சொல்லி ஜெயிக்கறது?

ஞாயித்துக்கெழமையானா போதும், கிழிஞ்ச பனியன் ஒண்ண எடுத்துக்கிட்டு அந்த மிஷின் முன்னாடி உக்காந்துருவாரு. ஓட்டை ஓட்டையா எண்ணெய் விடுவாரு, சக்கரத்தச் சுத்திப் பாப்பாரு, பெல்ட்டத் தடவிப் பாப்பாரு. எனக்குக் காய்ச்சல் வந்தா, மாத்திரை டிவி பக்கத்துல இருக்குன்னு சொல்லிட்டு வேலைக்குப் போற மனுசன்ணே அது. யாரும் தைக்காத மிஷினுக்கு எதுக்கு எண்ணெய்னு கேட்டா, ஓடாம கெடந்தா துருப்புடிச்சிடும்ங்கறாரு. நானும்தான் கெடக்கேன்னு வாய் வரைக்கும் வந்துச்சு.

வித்துடலாமேன்னு ஒரு தடவ சொல்லிப் பாத்தேன். பாதிச் சாப்பாட்டுல கை கழுவிட்டு எந்திரிச்சுட்டாரு. நல்ல மனுசன்தான், கத்த மாட்டாரு, கை நீட்ட மாட்டாரு. அதான் எனக்கு இன்னும் கஷ்டம். யாருகிட்ட போய்க் குறை சொல்றது?

இன்னொண்ணு சொல்றேன், தப்பா எடுத்துக்காதீங்க. அவரு குளிக்கப் போயிருந்தப்ப நான் அதுல உக்காந்து மிதிச்சுப் பாத்தேன். நூலில்ல, துணியில்ல, சும்மாதான். கடகடன்னு ஓடுச்சு. பாத்ரூம் கதவு படார்னு தொறந்துச்சு. தலையெல்லாம் சோப்பு நுரையோட ஓடியாந்து நிக்கறாரு, மூஞ்சி பூரா சிரிப்பு. என்னப் பாத்ததும் அது அப்படியே வடிஞ்சுபோச்சு. ஓ, நீயான்னாரு. அவ்ளோதான், திரும்பிப் போயிட்டாரு.

திட்டியிருந்தாக்கூடத் தாங்கியிருப்பேன்ணே. அப்படி ஒரு சிரிப்பு அந்த மனுசன்கிட்ட இருக்குன்னே எனக்கு அன்னிக்குத்தான் தெரியும். என்னப் பாத்து ஒரு நாளும் அப்படிச் சிரிச்சதில்ல.

சரி போவுது, வீடு மாறினா எல்லாம் மாறும்னு நெனச்சேன். புது வீட்டுல தெருவப் பாத்து ஒரு ஜன்னல் இருக்கு, காலை வெயில் உள்ள வந்து விழுது. பாத்தவொடனே எனக்குப் புடிச்சுப்போச்சு. ஒரு நாக்காலியப் போட்டு, டீயக் கையில வச்சுக்கிட்டு, போற வர்றவங்களப் பாத்துக்கிட்டு உக்காரணும்னு ஆசை. நான் வாயத் தொறக்கறதுக்குள்ள அவரு சொல்றாரு, மிஷின இங்க போட்டா நல்லா வெளிச்சம் வரும்னு. யாருக்குண்ணே வெளிச்சம்? யாரு உக்காந்து தைக்கப் போறா? வீட்டு ஓனரம்மா பக்கத்துல நின்னாங்க, பல்லக் கடிச்சிட்டு நின்னேன். எனக்கு அந்த ஜன்னல் வேணும். வேற ஒண்ணும் கேக்கல நான்.

அதனால உள்ளூர் வண்டியே போட்டுக்குங்க. அவரு புது வீட்டுல நின்னு இறக்குவாரு, பழைய வீட்டுலேருந்து ஏத்தி விடறது நான்தான். எல்லாச் சாமானும் அதுல போகட்டும். மிஷின் மட்டும் வெளியூர் வண்டி. ஆமாண்ணே, நெசமாத்தான் சொல்றேன். நல்லா அட்டை கட்டுங்க, ஒரு கீறல் விழக்கூடாது. அத ஒடைக்கவெல்லாம் எனக்கு மனசு வராது. அவரு கேட்டா ஆளுங்க மாத்தி ஏத்திட்டாங்கன்னு சொல்லிடுவேன். உங்களத்தான் நாலு திட்டு திட்டுவாரு, எனக்காக வாங்கிக்குங்க.

அனுப்பறது நான்தான், என் பேரையே போடுங்க. எடுத்துக்கறவங்க பேரா? அது கட்டாயம் வேணுமா? அப்ப அவ பேரையே போட்டுக்குங்க. அவளோடதுதானே.

ஊரா? அவ இருக்கற ஊர நான் எப்படிண்ணே சொல்றது. உங்க வண்டி போறதுலயே ரொம்ப தூரமா ஒண்ணு பாத்து எழுதிக்குங்க.