மூடிக்கு வெளியே ஒரு பொட்டு

— மூடியத் தொறந்தியா, இல்லையா? அத மட்டும் சொல்லு பத்ரி.

— தொறக்கல தர்ஷினி. வெளியதான் வச்சேன். சந்தனம், அதுக்கு மேல குங்குமம். சின்னப் பொட்டு. மிஷினே தீப்பெட்டி சைஸு, அதுல திருஷ்டிப் பூசணிக்கு வைக்கற மாதிரியா வைக்க முடியும்?

— எதுக்கு வச்ச?

— ஆயுத பூஜைக்கு எதுக்குப் பொட்டு வைப்பாங்க? நேத்து இந்த பெங்களூர் பீன்யா தொழிற்பேட்டையில பொட்டு வைக்காத மிஷின் ஒண்ணு காட்டு. எதிர் ஷெட்ல ஃபோர்க்லிஃப்டுக்கு மாலை போட்டு, வாழைக்கன்னு கட்டி, கல்யாண மாப்ள மாதிரி நிறுத்தியிருந்தாங்க. பக்கத்து ஷெட் ரங்கா வேற எட்டிப் பாத்து, "ஏன் குரு, பூஜே மாடில்வா?"ன்னு, பூஜை பண்ணலையான்னு கேட்டுட்டான். மானம் போச்சு. உயிரக் குடுத்து நாம செஞ்ச மிஷின் மட்டும் மூளியா நிக்கணுமா?

— ரங்காவோட லேத்து இரும்பு சீவுது. இது ரத்தம் எண்ணுதுடா! ஒரே ஒரு சொட்ட, முடியவிட மெல்லிசான குழாய்ல ஓடவிட்டு, ஒவ்வொரு அணுவா படம் புடிச்சு, ஆள் தொடாம தானே எண்ணுது. அது தலையில போய் குங்குமத்தக் கொட்டியிருக்க.

— கொட்டல. வச்சேன். மோதிர விரலால.

— உள்ள ஃபேன் ஓடுது, தூள இழுக்கும்னு உனக்குத் தெரியாதா? நீதான அந்த ஃபேன மாட்டுன?

— நான் மாட்டுன ஃபேனுக்கு அவ்ளோ இழுக்கற சக்தி இருந்தா நான் ஏன் இந்தத் தகர ஷெட்ல வேர்த்துக்கிட்டு நிக்கறேன்?

— சிரிக்காத பத்ரி. சத்தியமா இன்னிக்குச் சிரிக்காத. காலையில சோதிக்கறதுக்கு விரலக் குத்தற முறை உன்னோடது. குத்தி ரத்தத்தக் குடுத்துட்டு நீ டீ வாங்கப் போயிட்ட. நான் ஓட்டிப் பாத்தேன். வெள்ளை அணு, இருக்க வேண்டியதுக்குப் பத்து மடங்கு காட்டுது. பத்து மடங்கு!

— குங்குமத் தூளயும் அணுன்னு நெனச்சு எண்ணுதோ என்னமோ.

— அதத்தான் நானும் கேக்கறேன். உள்ள போச்சா, இல்லையா?

— போயிருக்காது. என் ரத்தத்தச் சந்தேகப்படாத தாயே, இந்த மிஷினுக்கு நான் குடுத்த அளவு எங்க ஜீவனஹள்ளி கொசுவுக்குக்கூடக் குடுத்ததில்ல. குத்திக் குத்தி இப்ப ஃபோனே என் கைரேகைய ஏத்துக்க மாட்டேங்குது.

— நாளைக்கு ஆஸ்பத்திரியிலேர்ந்து டாக்டர் வீணா வராங்க. அவங்க ஆராய்ச்சிக்கு வார்டுல இருக்கற பச்சக் குழந்தைங்ககிட்ட ட்யூப் ட்யூபா ரத்தம் எடுக்கறாங்க. ஒரு சொட்டு போதும்னு நாம சொல்லியிருக்கோம். நம்ம மிஷின் சொல்றத நம்பி அவங்க மருந்தையே மாத்துவாங்க. தப்பாச் சொல்லுச்சுன்னா?

— தெரியும். அதனாலதான் பொட்டே வச்சேன். நல்லபடியா ஓடணும்னு. உன் பங்கு பொரி, கடலைகூட எடுத்து வச்சிருக்கேன், மேசை மேல பாரு.

— எனக்குப் பொரி வேணாம். பதில் வேணும்.

— ஏய், போதும்! நானும் மனுஷன்தான். பம்ப் லீக்கானா பத்ரி. கரண்ட் போனா பத்ரி. போன மாசம் மழையில ரோடு மூழ்குனதுக்கும் என்னத்தான் திட்டுன. வைட்ஃபீல்ட் கம்பெனில ஏசியில உக்காந்து, மத்தியானம் ஆனா நிம்மதியாத் தூங்கிட்டு இருந்தவன இங்க இழுத்துட்டு வந்தது யாரு?

— நான்தான். என் புத்தியச் செருப்பால அடிக்கணும்.

— அடி. அதுக்கு முன்னாடி ரத்தம் ஓடற சிப்ப மாத்து. டப்பா நிறைய புது கண்ணாடிச் சிப்பு இருக்கு. ஒண்ண மாட்டி இன்னொரு தடவ ஓட்டுனா தெரிஞ்சுபோவுது. டீ ஆறறதுக்குள்ள முடியற வேலைக்கு இவ்ளோ ஆட்டமா?

— மூடியத் தொறந்தியான்னு கேட்டேன்.

— மாத்திப் பாத்தியான்னு நான் கேட்டேன்.

— மொதல்ல நீ சொல்லு!

— எதுக்கு இப்படிக் கத்தற? ரங்கா எட்டிப் பாக்கறான். டீயத் தொடவே இல்ல நீ. காலையிலேர்ந்து ஒண்ணும் சாப்டலையா?

— சொல்லுடா.

— ஆய்த்து, பிடு. சரி, விடு. ஒத்துக்கறேன். தொறந்தேன். உள்ளயும் ஒரு பொட்டு வச்சேன், கொஞ்சம் சிந்திடுச்சு. போதுமா? வீணா மேடம்கிட்டயும் நானே சொல்லிக்கறேன், தப்பு என்னோடதுன்னு. இப்ப உக்காந்து டீயக் குடி.

— சத்தியமா சிந்திடுச்சா?

— சத்தியமா.

— பொய்.

— இல்லன்னாலும் திட்டற, ஆமான்னாலும் திட்டற. நான் என்னதாம்மா சொல்லணும்?

— பிரிச்சுப் பாத்துட்டேன் பத்ரி. உள்ள துளி குங்குமம் இல்ல. நீ தொறந்திருக்கணும், தொறந்திருக்கணும்னு அந்தச் சாமியத்தான் வேண்டிக்கிட்டு உக்காந்திருந்தேன். புது சிப்புல என் ரத்தத்த ஓட்டுனேன், சரியாக் காட்டுது. டப்பாவுலேர்ந்து இன்னும் மூணு சிப்பு எடுத்து, நீ குடுத்த ரத்தத்துல மிச்சத்த ஓட்டுனேன். மூணுலயும் அதே பத்து மடங்கு. மிஷின்ல ஒரு கோளாறும் இல்லடா.