இரவல் கொடுத்த காப்பீட்டு அட்டை

பெயர்: லவோன் பிரூவர். வயது: 68. கணவர்: காலஞ்சென்ற ஆமோஸ். விலாசம்: டெக்சாஸ் மாநிலம், லஃப்கின் ஊருக்கு வெளியே, பைன் சந்து, டிரெய்லர் வீடு எண் 14. விசாரித்தபோது சொன்னது:

மேற்படி விலாசத்தில் தனியாக இருக்கிறேன். அடுத்த வீட்டில் வில்மா ஹாட்சன் தனியாக இருந்தார். மோட்டலில் அறை துடைக்கும் வேலை, காப்பீடு கிடையாது. எனக்கு அறுபத்தைந்து தாண்டியதால் அரசுக் காப்பீடு உண்டு. அவருக்கு அந்த வயதாக இரண்டு மாதம் பாக்கி. எங்கள் சந்தில் பலரும் அந்தப் பிறந்தநாள் வரை நோயைத் தள்ளிப்போடுகிறவர்கள்தான்.

போன வாரம் முழுக்க வயிற்று வலியோடு வேலைக்குப் போனார். டாக்டரிடம் போகச் சொன்னதற்கு, "இன்னும் ரெண்டே மாசம்டி. அதுவரைக்கும் இந்த வயித்தப் பொறுத்துக்கச் சொல்லு" என்று சிரித்தார். ஞாயிறு காலை அவர் வீட்டுச் சமையலறைத் தரையில் சுருண்டு கிடந்தார். நான் போனை எடுத்ததும், "ஆம்புலன்ஸ் பில்ல யாரு கட்டறது? கூப்பிட்டேன்னா, உன் மூஞ்சியிலயே முழிக்க மாட்டேன்" என்றார். அதன் பிறகு என் காப்பீட்டு அட்டையையும் ஓட்டுநர் உரிமத்தையும் அவர் பையில் வைத்து, "இனிமே நீதான் லவோன்" என்று சொல்லி, என் காரில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனேன். நரைத்த தலைகளை யாரும் உற்றுப் பார்ப்பதில்லை. தப்பு என்று தெரிந்தேதான் செய்தேன். என்னோடு பேச அவரை விட்டால் ஆள் கிடையாது.

அவர் கையில் என் பெயர் எழுதிய பட்டையைக் கட்டினார்கள். குடல் ஓட்டையாகிவிட்டது, தாமதமாக வந்திருக்கிறீர்கள் என்றார் டாக்டர். அதன் பிறகு அறுவை சிகிச்சைக்குத் தள்ளிக்கொண்டு போனபோது வில்மா என்று வாய் வரை வந்துவிட்டது. நர்ஸ் நின்றதால், "போயிட்டு வா, லவோன்" என்றேன். அவர் உயிரோடு வெளியே வரவில்லை.

பக்கத்து வீட்டுக்காரி என்று நான் சொல்லியிருந்ததால், சொந்தக்காரரிடம்தான் பேசுவோம் என்றார்கள். ஆஸ்பத்திரியில் என் பெயரிலிருந்த பழைய பதிவைப் பார்த்து, அதில் இருந்த எண்ணுக்குப் போன் செய்திருக்கிறார்கள். அது ஹூஸ்டனில் இருக்கும் என் மகன் டுவைட்டின் எண். அவனுடைய அப்பாவின் நோயை மறைத்து அவனிடம் பொய் சொல்லியிருந்தேன்; அப்பா அடக்கத்துக்குப் பிறகு அவன் என்னிடம் பேசியதில்லை. மாலையில் ஓடி வந்தவன், நான் பின்னால் பெஞ்சில் இருப்பதைக் கவனிக்காமல் சுவரைப் பிடித்துக்கொண்டு, "அம்மா, ஒரு போன் பண்ணியிருக்கக் கூடாதா" என்று அழுதான்.

நான் உடனே எழவில்லை. எனக்காக ஒருவர் அழுவதைக் கேட்க ஆசையாக இருந்தது. அதன் பிறகுதான் வில்மாவுக்காக அங்கே யாரும் அழவில்லை என்று உறைத்தது. எழுந்து போய், செத்தது நானில்லை என்று நர்ஸிடம் சொன்னேன். டுவைட் திரும்பிப் பார்த்தான். "இதுலயும் பொய்யா?" என்று கேட்டுவிட்டுக் காரை எடுத்துக்கொண்டு போய்விட்டான்.

என் மீது என்ன வழக்கு வேண்டுமானாலும் போடட்டும். இறப்புச் சான்றிதழில் வில்மா ஹாட்சன் என்று எழுத வேண்டும். உடலை வாங்க யாரும் வராவிட்டால் நான் வாங்கிக்கொள்கிறேன்.

படித்துக் காட்டக் கேட்டேன், நான் சொன்னபடியே இருக்கிறது, எல்லாம் உண்மை.

(ஒப்பம்) லவோன் பிரூவர்